தென்றலுக்கு இருமல் வராது

இருமல் வருது. வரக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ, சனியனே. அந்த மனுஷர் கண்ணாடியைத் தேடி எடுத்து நம்பரைப் படிச்சு முடிக்கட்டும். மெஷின் எங்கேயாவது இருமுமா? துரு வேணா பிடிக்கும். இருமாது.

அவள் எச்சிலை விழுங்கினாள். மடித்த துண்டின் மேல் வைத்திருந்த டம்ளரை எடுத்து, வெந்நீரை ஒரு மிடறு ஓசையில்லாமல் குடித்தாள். துண்டு எதற்கென்றால், டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"லைன்ல இருக்கியாம்மா?" என்றது முதிய குரல்.

ஒன்று, ஒன்றரை என்று மனதுக்குள் எண்ணினாள். பிறகு இஸ்திரி போட்டு மடித்த மாதிரி ஒரு குரலில், "நான் தென்றல். உங்களுக்காகக் காத்திருப்பதில் மகிழ்ச்சி" என்றாள்.

"தங்கமான மெஷின்," என்று அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ சொன்னார். "நீயும்தான் இருக்கியே. ஒரு கண்ணாடி தேடறதுக்குள்ள எத்தனை பேச்சு!"

தென்றல் என்பது அந்த வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் செயற்கை நுண்ணறிவு. வாடிக்கையாளர்களின் புகார்களை அதுவே கேட்டு, அதுவே பதில் சொல்லும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இயங்கும். ஆறு மணிக்கு மேல் ஏன் இயங்குவதில்லை என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது, மின்சாரத்தைச் சேமிக்கத்தான் என்று கம்பெனி சொன்னது. அதற்காகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. உண்மையான காரணம், ஆறு இருபதுக்குத்தான் அவளுடைய பஸ்.

நான்கு மாதங்களுக்கு முன்புவரை அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்பதாவது சீட். அப்போதுதான் நிர்வாக இயக்குநர் எங்கேயோ ஓர் ஏரிக்கரை விடுதியில் ஐந்து நாள் தலைமைப் பண்பு முகாமுக்குப் போய்த் திரும்பினார். போகும்போது அவர் சாதாரணமாக அதட்டுகிற ஒரு முதலாளி. வரும்போது கோட்டுக்குள் டி-ஷர்ட் போட்டிருந்தார். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். 'தொலைநோக்கு' என்ற சொல் வராமல் அவரால் டீகூடக் கேட்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் கூடத்தில் எல்லோரும் அவரைத் தொலைநோக்கு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், அவர் காதில் விழாமல்.

எல்லோரையும் கூட்டி நிறுத்திப் பேசினார்.

"உலகம் மாறிட்டிருக்கு. உலகப் பொருளாதாரம் வந்து நம்ம கதவைத் தட்டுது. தட்டும்போது நாம என்ன பண்ணிட்டிருக்கோம்? குளிச்சிட்டிருக்கோம்!"

"நாம விக்கறதே குளிக்கறதுக்குத்தானே சார்," என்றாள் அவளுடைய பக்கத்து சீட்டுக்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"இதுதான் பழைய சிந்தனை," என்றார் தொலைநோக்கு, ஜன்னலிடம். "ஒரு தலைவன் சின்ன விஷயத்தைப் பாக்கவே கூடாது. பாத்தா பெரிய விஷயம் மறைஞ்சிடும். போன மாசம் முகாம்ல ஒருத்தர் கேட்டார், உங்க ஹீட்டர் என்ன நிறம்னு. எனக்குத் தெரியல. தெரியாதுன்னு பெருமையாச் சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நின்றுகொண்டுதான் இருந்தார்கள் என்பதால் எழுந்திருக்கும் வேலை மிச்சம்.

"ஒவ்வொரு ஹீட்டர்லயும் எத்தனை திருகாணி இருக்கு? முப்பத்திரண்டு. எதுக்கு முப்பத்திரண்டு? முப்பத்தொண்ணு போதாதா? யாருக்காவது இந்தக் கேள்வி தோணிச்சா? எனக்குத் தோணிச்சு. இனிமே நம்ம புது மாடல்ல முப்பத்தொண்ணுதான். உலகப் போட்டியில ஜெயிக்கறவன், திருகாணியைக் குறைக்கறவன்."

எந்தத் திருகாணி என்று யாரும் கேட்கவில்லை. அது சின்ன விஷயம்.

அதே கூட்டத்தில்தான் தென்றல் அறிவிக்கப்பட்டது. மறு வாரம் பதின்மூன்று பெண்களுக்கும் கையில் ஆளுக்கொரு கவர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் அன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள லீவு போட்டிருந்தாள். கவரைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று விதி. கை வராததால் அவளுடைய கவர் மனிதவள மேலாளரின் டிராயரில் தங்கிவிட்டது.

தென்றல் வேலை செய்த ஒரே நாளும் அதுதான். 'தண்ணி சூடாவே வரல' என்றவருக்கு, தங்கள் திருப்தி எங்கள் பாக்கியம் என்று சொன்னது. இன்னொருவருக்கு, போன மாதம் பதினெட்டாம் தேதி மெக்கானிக் வருவார் என்று உறுதியளித்தது. மத்தியானத்துக்கு மேல் யார் கூப்பிட்டாலும் ஐந்து நட்சத்திரம் கேட்டு அழாத குறையாகக் கெஞ்சியது. மூன்று மணிக்கு நின்றுபோனது.

மறுநாள் வீங்கின கன்னத்தோடு அவள் வேலைக்கு வந்தபோது கூடத்தில் ஆள் இல்லை. பதினான்கு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் மனிதவள மேலாளரும் தொழில்நுட்பத் தலைவரும் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள்போல நின்றிருந்தார்கள்.

"நல்லவேளை வந்தீங்கம்மா," என்றார் மேலாளர். "ரெண்டே நாள். மெஷினைச் சரி பண்ற வரைக்கும். நீங்க பேசுங்க. ஆனா நீங்களாப் பேசாதீங்க."

"அப்புறம் யாராப் பேசறது சார்?"

"மெஷினா."

"மெஷின் எப்படிப் பேசும்?"

"அச்சு அசல் மனுஷங்க மாதிரி," என்றார் தொழில்நுட்பத் தலைவர். "அதோட சிறப்பே அதுதான்."

"அப்போ நான் எப்பவும் போலப் பேசினாப் போதும்தானே?"

"ஐயோ, அப்படிப் பேசினா மனுஷின்னு கண்டுபிடிச்சிருவாங்க."

முழுப் பக்க விளம்பரம் வந்தாகிவிட்டது. மூன்று நாட்டு முதலீட்டாளர்களுக்குத் தகவல் போய்விட்டது. இனி இயந்திரம் பேசவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. தொலைநோக்கிடம் சொன்னால் என்ன என்று அவள் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சின்ன விஷயம்மா," என்றார் மேலாளர். "அவர்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

இரண்டு நாள் நான்கு மாதமாயிற்று.

அவளை இயந்திர அறையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக விருந்தினர்கள் தென்றலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள், பச்சையாகக் கண் சிமிட்டும் விளக்குகள். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி, மேசை, துண்டு, டம்ளர், அவள். பெட்டிகள் சூடாகக் கூடாது என்று அறை எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். பெட்டிகள் எந்த வேலையும் செய்யாததால் சூடாக வழியில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். விதி விதிதான் என்றார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். அப்படியும் இருமல் வந்தது. ஹீட்டர் கம்பெனியில் குளிரில் இருமுகிற ஒரே ஆள் அவள்தான்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருமக் கூடாது. சிரிக்கக் கூடாது. 'அச்சச்சோ' சொல்லக் கூடாது. பதில் சொல்லுமுன் ஒன்றரை நொடி காத்திருக்க வேண்டும். எதற்கும் முன்னால் ஹீட்டரின் வரிசை எண்ணைக் கேட்க வேண்டும்.

அவள் மதியம் சாப்பிடும் அரை மணி நேரம், திட்டமிட்ட பராமரிப்பு. கழிவறைக்குப் போனால், தற்காலிக இணைப்புக் கோளாறு. ஒரு நாள் அவளுக்கு வயிறு சரியில்லாமல் ஏழு முறை இணைப்புக் கோளாறு ஏற்பட்டது. தொழில்நுட்பத் தலைவர் நாற்பது பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். கோளாறுக்கு மூல காரணம் உலகளாவிய நிச்சயமின்மை என்று அதில் இருந்தது. அவருக்குக் கீழே இருபத்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் இரண்டு மாதம் உழைத்துத் தென்றலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள். அவளுடைய நாற்காலியை மாற்றினார்கள்.

"போனதைவிட இது நல்லா இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

"முதுகு வலிக்கல சார்."

"செயல்திறன் முன்னேற்றம்," என்று எழுதிக்கொண்டார்.

தென்றல் கொஞ்சம் அதிகமாகவே பிரியமாகப் பேசுவதாகச் சில வாடிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். இது ஆபத்து என்று ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். வந்த அம்மாளின் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் கேட்கிற குரல். பெரிய கட்டடங்களில் எல்லாம் லிஃப்டுக்குள், 'கதவு மூடப்படுகிறது' என்று சொல்வது அவர்தான்.

"முதல்ல பாசத்தை எடுத்துடணும்," என்றார் லிஃப்ட் அம்மா. "வயித்துலேருந்து வரக் கூடாது. தொண்டைலேருந்தும் வரக் கூடாது. பல்லுக்குப் பின்னால ஒரு சின்ன இடம் இருக்கு பாரு, அங்கேருந்து வரணும். எங்க, சொல்லு. உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது."

"உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது."

"புரிஞ்ச மாதிரி இருக்கே. அது தப்பு. மறுபடியும்."

பத்து நாளில் கற்றுக்கொண்டாள். கடைசி நாள் டீ குடிக்கும்போது, "வீட்டுல கஷ்டமா இருக்காதா?" என்று லிஃப்ட் அம்மாவைக் கேட்டாள்.

"ஆரம்பத்துல இருந்தது. ஒரு தடவை அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை. என்னென்னவோ கேட்டாரு. நான் பதிலுக்கு, கதவு மூடப்படுகிறதுன்னேன். அவ்வளவுதான், மனுஷன் நடுங்கிப் போயிட்டாரு. அப்புறம் சண்டையே இல்ல." லிஃப்ட் அம்மா டீயை ஊதினார். "பேச்சும் இல்ல."

இந்த வேலையில் ஒரு சுகமும் இருந்தது என்பதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள நாள் பிடித்தது. ஒன்பதாவது சீட்டில் உட்கார்ந்திருந்தபோது யார் திட்டினாலும் அது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் கூடவே வரும். இப்போது திட்டெல்லாம் தென்றலுக்குப் போயின. அவள் அதற்குப் பின்னால், ஸ்வெட்டருக்குள், யாருக்கும் தெரியாமல் இருந்தாள். யாரும் இல்லாமல் இருப்பது இவ்வளவு இலேசானதா என்று வியந்தாள். ஆனால் நன்றியும் தென்றலுக்கே போயிற்று என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் மகள். ஒன்பது வயது.

"அம்மா, நாளைக்கு ஸ்கூலுக்குப் பச்சைக் கலர் அட்டை வேணும்."

ஒன்று, ஒன்றரை.

"அம்மா! நீ ஹேங் ஆயிட்டியா?"

கணவன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எதையும் இரண்டாவது முறை சொல்லி மகிழ்கிறவன். "ஹேங் ஆயிட்டா," என்றான். "ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாரு." மகளும் அவனும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஒன்றரை நொடி தாமதமாக வந்தது. கணவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். முழங்கால் வலியைப் பற்றி நீளமாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "புரிந்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள்.



"யாரும்மா பேசறது?" என்றாள் அம்மா. "என் பொண்ணு இருந்தாக் கூப்பிடு."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள். அம்மாவிடம் நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாயைத் திறந்தால் எந்த இடத்திலிருந்து குரல் வர வேண்டும் என்று தெரியவில்லை. வயிற்றிலிருந்தா, தொண்டையிலிருந்தா. கடைசியில் இருமினாள். "இதோ, இது என் பொண்ணு," என்றாள் அம்மா. "என்னடி இப்படி இருமற? எங்கேடி இருந்த இவ்வளவு நேரம்?"

வருட முடிவில் மதிப்பீடு வந்தது. தென்றலுக்குச் சிறந்த பணியாளர் விருது. கறுப்புப் பெட்டிக்கு ஒரு சால்வை போர்த்தி, தொலைநோக்கு கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தச் சால்வை தனக்குக் கிடைத்தால் தேவலை என்று பெட்டிக்குப் பின்னால் அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். மேலாளர் சங்கடத்தோடுதான் கொடுத்தார்.

"நான் என்னம்மா செய்யட்டும்? கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுது. நாலு மாசமா நீங்க ஒரு கால்கூட எடுக்கல. தென்றல் பதினோராயிரத்துச் சொச்சம் எடுத்திருக்கு."

"சார்..."

"தெரியும். எனக்குத் தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. ரெண்டு நாள் பயிற்சி போட்டிருக்கு, போயிட்டு வந்துடுங்க. தலைப்பு, தென்றலிடமிருந்து கற்றுக்கொள்வது எப்படி."

அந்த இரண்டு நாளும் இணைப்புக் கோளாறு. பயிற்சி அறையில் அவள் ஒருத்திதான். வெளியிலிருந்து வந்த ஓர் இளம் பயிற்சியாளர் தென்றலின் உரையாடல்களைப் போட்டுக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு பொறுமை! உங்களால இது முடியுமா?" என்று கேட்டார். அவள் யோசித்து, கஷ்டம்தான் என்றாள். "அதான் விஷயம்," என்றார் அவர். "மனுஷங்களுக்கு ஓர் எல்லை இருக்கு." இறுதித் தேர்வில் தென்றல் மாதிரிப் பேசிக் காட்டச் சொன்னார். பேசினாள். நூற்றுக்கு நாற்பத்தாறு கொடுத்தார். அசலின் ஜீவன் இல்லையாம்.

பயிற்சி முடிந்து நாற்காலிக்குத் திரும்பிய காலையில் பதினொரு மணி கால் வந்தது. அது தினமும் வரும். பக்கத்து சீட்டுக்காரிதான். வேலை போனதிலிருந்து தினமும் பதினொரு மணிக்குத் தென்றலைக் கூப்பிட்டுத் திட்டுவது அவள் வழக்கம்.

"ஏய் டப்பா! இன்னும் ரிப்பேர் ஆகலையா நீ? பதிமூணு பேர் வயித்துல அடிச்சியே, நல்லா இருப்பியா? உன் ஒயரை எலி கடிக்க! உன் தலையில தண்ணி ஒழுக!"

"உங்கள் கருத்துக்கு நன்றி," என்றாள். "தங்கள் ஹீட்டரின் வரிசை எண்..."

"என் செருப்போட வரிசை எண் சொல்றேன், எழுதிக்கோ."

சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடக்கிய சிரிப்பு இருமலாகப் புறப்பட்டு வெளியே வந்துவிட்டது. அவளுக்கே உரிய இருமல், இரண்டு குட்டி, ஒரு பெரிசு. ஆறு வருடம் பக்கத்து சீட்டிலிருந்து கேட்ட இருமல்.



"ஏய்," என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "ஏய்... ஒன்பதாம் நம்பரு? நீயாடி?"

ஒன்று. ஒன்றரை. இரண்டு.

"நான்தான்," என்று கிசுகிசுத்தாள்.

பக்கத்து சீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். "அடிப்பாவி, நாலு மாசமாத் திட்டறேன், நன்றி நன்றின்னு வாங்கிக்கிட்டியே!" என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. நின்றபிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"நீ இருக்கறதாலதான்டி அந்த டப்பா ஓடுது. அந்த டப்பா ஓடற வரைக்கும் எங்களை யார் கூப்பிடுவாங்க?"

போனை வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில், 'புகார் தீர்க்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. போனை வைத்தால் தீர்ந்தது என்று அர்த்தம். யார் வைத்தாலும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு வந்த கால் ஓர் இளம் தாயுடையது. புது மாடல். குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது, பையன் உள்ளே குளிக்கிறான், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். தாளில் இருந்தபடி முதலில் வரிசை எண் கேட்க வேண்டும். வரிசை எண் ஹீட்டரின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். ஹீட்டர் குளியலறையில் இருந்தது.

"எண்ணெல்லாம் கிடக்கட்டும்மா!" என்றாள் அவள். வயிற்றிலிருந்து வந்தது குரல். "அச்சச்சோ, முதல்ல மெயினை அணைங்க. ஓடுங்க. குழாய்ல கை வைக்க வேண்டாம்னு பையன்கிட்டக் கத்துங்க. அணைச்சாச்சா? இப்போ தூக்குங்க அவனை. தூக்கிட்டீங்களா? ஒண்ணும் ஆகலையே? அழறானா? அழட்டும், நல்லது. நான் லைன்லயே இருக்கேன்."

பையனின் அழுகை அடங்கும்வரை இருந்தாள். திரையில் பச்சை.

மேசை டிராயரில் அவளுடைய நோட்டு ஒன்று இருந்தது. புது மாடல், குழாயில் ஷாக் என்று வந்த கால்களை மட்டும் தேதி, பெயர், ஊரோடு எழுதி வைத்திருந்தாள். இது நாற்பத்தொன்றாவது. பதினேழாவதாகக் கூப்பிட்டவர் ஒரு மெக்கானிக். "உள்ள எர்த் ஒயரை மாட்டற இடத்துல திருகாணியே இல்ல," என்று சொன்னார். "மறந்துட்டாங்களா, வேணும்னேதானா?" முப்பத்திரண்டாவது திருகாணி எங்கே இருந்தது என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. எழுதி மேலே கொடுத்தாள். தென்றலின் கணக்கில் அப்படி ஒரு புகாரே இல்லை என்று தாள் திரும்பி வந்தது.

மறுநாள் மேலாளர் ஒரு பக்கத் தாளோடு இயந்திர அறைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மூன்று நாட்டு முதலீட்டாளர்களும் வருகிறார்கள். கூட்ட அறையிலிருந்து தொலைநோக்கு தென்றலிடம் ஐந்து கேள்வி கேட்பார். பதில்கள் தாளில் இருந்தன. அவள் படித்தாள். நான்காவது கேள்வி: புது மாடல் பற்றிப் பாதுகாப்புப் புகார்கள் எத்தனை? பதில்: பூஜ்ஜியம்.

"சார், நாப்பத்தொண்ணு."

"அது நீங்க எண்ணினது. தென்றல் எண்ணினது பூஜ்ஜியம்."

"தென்றலே நான்தானே சார்."

"அது வெளியே தெரியாதுல்ல?" அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "இந்தப் பணம் வந்தா அந்த மாடல் எட்டு லட்சம் செய்யப் போறாங்க. எல்லாருக்கும் நல்லது. உங்க எச்சரிக்கையை நான் கிழிச்சுப் போட்டுடறேன். நிரந்தரம் பண்ணிடறேன். இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"என் டிராயர்ல உங்க கவர் ஒண்ணு இருக்கும்மா. இப்போ கையும் இருக்கு."

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"எட்டு லட்சம் வீடு," என்றான். "எட்டு லட்சம் வீடு. நம்ம வீட்டுல எந்த ஹீட்டர்?"

"பழசு. முப்பத்திரண்டு."

அன்று பாத்திரங்களை அவனே கழுவினான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹெட்போனில் தொலைநோக்கின் குரல் வந்தது. ஜன்னலைப் பார்த்துப் பேசுகிறார் என்பது கேட்கும்போதே தெரிந்தது. உலகம் மாறிக்கொண்டிருப்பதைப் பற்றி இருபது நிமிடம். "என் கம்பெனியில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது," என்றார். "தெரிஞ்சுக்க வேண்டிய அவசியத்தையே தென்றல் ஒழிச்சிடுச்சு. அதான் தலைமை." கைதட்டல்.

முதல் மூன்று கேள்விகளுக்கும் தாளில் இருந்தபடியே சொன்னாள். தென்றலுக்கு எத்தனை மொழி தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை பேருடன் பேசும், களைப்படையுமா. பல்லுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன இடத்திலிருந்து சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

"இப்போ சொல்லு தென்றல். எங்க புது மாடல் பத்திப் பாதுகாப்புப் புகார்கள் எத்தனை?"

ஒன்று. ஒன்றரை.

பெட்டிகளின் இடுக்கு வழியாகத் தெரிந்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தொழில்நுட்பத் தலைவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினார். பூஜ்ஜியம். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லப் போவது நானில்லை, தென்றல். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பையன் அழுததைக் கேட்டது யார்? அதுவும் தென்றல்தானா?

தொண்டைக்குக் கீழே இருமல் கிளம்பியது. அவள் வெந்நீரை எடுக்கவில்லை. இரண்டு குட்டி, ஒரு பெரிசு.

கூட்ட அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம். "இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று முதலீட்டாளர்களில் ஒருவர் கேட்டார்.

தொழில்நுட்பத் தலைவர் கூட்ட அறைக்கு ஓடி, மூச்சிரைக்க, "மூணாம் பதிப்பு சார்," என்றார். "இருமல் வசதி புதுசாச் சேர்த்திருக்கோம். நெருக்கமா உணரணுங்கறதுக்காக."

"அற்புதம்!" என்றார் தொலைநோக்கு. கைதட்டல் எழுந்தது. இதுவரை கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல். அவளுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. இங்கே எதைக் கொடுத்தாலும் எடுத்து வைத்துக்கொள்வார்கள், இருமலைக்கூட.

"சரி தென்றல்," என்றார் தொலைநோக்கு கொஞ்சலாக. "எல்லாருக்கும் தெரிஞ்ச பதில்தான். உன் வாயால ஒரு தடவை சொல்லிடு."

அவள் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து, துண்டின் மேல் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். கேள்விகள் இருந்த தாளை இரண்டாக மடித்தாள். இந்த முறை எண்ணவில்லை.

"இல்ல சார்," என்றாள், அம்மாவுக்கு அடையாளம் தெரிகிற குரலில். "நான் அதைச் சொல்ல மாட்டேன்."